மின்சாரக் கார் ஏசி கோளாறுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ஏசி வேலையில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் அனுபவம். முதலில் பெட்ரோல், டீசல் வண்டிகள்தான். சில வருடங்களாக மின்சாரக் கார்களும் வந்து நிற்கின்றன. சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கினால் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். வண்டி வைத்திருப்பவர்களுக்கும், இந்த வேலையைப் புதிதாகப் பழகும் தம்பிகளுக்கும் உதவட்டும் என்று பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெட்ரோல் கார் ஏசிக்கும் மின்சாரக் கார் ஏசிக்கும் என்ன வித்தியாசம்?

குளிர வைக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான். கம்ப்ரசர் கேஸை அழுத்தும். கண்டன்சரில் அது சூட்டை விட்டுத் திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். கம்ப்ரசரை எது சுற்றுகிறது என்பதில்தான் வித்தியாசம். பெட்ரோல் காரில் இன்ஜின் பெல்ட் சுற்றும். மின்சாரக் காரில் கம்ப்ரசருக்குள்ளேயே மூன்று பேஸ் மோட்டாரும், அதை ஓட்டும் இன்வெர்ட்டரும் ஒரே உறைக்குள் இருக்கும். இதற்கான மின்சாரம் வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியிலிருந்து ஆரஞ்சு நிற கேபிள் வழியாக வருகிறது. பெரும்பாலான வண்டிகளில் அது 300 முதல் 400 வோல்ட்.

அந்த மோட்டாரின் காயிலைத் தொட்டுக்கொண்டேதான் கேஸும் ஆயிலும் ஓடுகின்றன. அதனால் உள்ளே போகும் ஆயிலுக்கு மின்சாரம் கடத்தாத குணம் வேண்டும். கீழே வரும் பாதிப் பிரச்சினைகளுக்கு இந்த ஒரு விஷயம்தான் வேர்.

அப்புறம், பல வண்டிகளில் இதே ஏசிதான் பேட்டரியையும் குளிர வைக்கிறது. கூலன்ட்டைக் குளிர்விக்கும் சில்லர் என்ற சின்னப் பெட்டி ஒன்று இதே கேஸ் லைனில் மாட்டியிருக்கும். ஆகவே ஏசி கெட்டால் வியர்ப்பதோடு முடிந்துவிடாது, பேட்டரிக்கும் அது பிரச்சினை.

குளிர்ச்சி குறைந்துவிட்டது. கேஸ் அடித்தால் சரியாகிவிடுமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். தயவுசெய்து, என்ன கோளாறு என்று பார்க்காமல் கேஸ் அடிக்க விடாதீர்கள்.

கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது வேறு. நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்த வண்டி ஒரு சீசனில் திடீரென்று விட்டால் எங்கோ லீக் இருக்கிறது, அல்லது கோளாறு கேஸிலேயே இல்லை. லீக்கை அடைக்காமல் அடித்த கேஸ் காற்றோடுதான் போகும். பல கார்களின் ஏசியில் இருக்கும் ஆர்-134ஏ கேஸின் புவி வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அதைத் திறந்துவிடுவது நம் பிள்ளைகளின் தலையில் வெயிலை ஏற்றுவதுதான்.

"கேஜ் மாட்டிப் பார்த்தேன் சார், பிரஷர் இருக்கு, கேஸ் ஃபுல்லு" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். வண்டி நிறுத்தியிருக்கும்போது காட்டும் பிரஷர் கேஸின் அளவைச் சொல்லாது, வெப்பநிலையைத்தான் சொல்லும். ஆர்-134ஏ இருக்கும் லைன் 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் சுமார் 114, 40 டிகிரியில் சுமார் 132 காட்டும். உள்ளே ஒரு சொட்டுத் திரவம் மிச்சம் இருக்கும்வரை, பாதி கேஸ் போயிருந்தாலும் இதே எண்கள்தான் வரும். இதைவிடக் குறைவாகக் காட்டினால் கேஸ் ஏறக்குறைய காலி. அதிகமாகக் காட்டினால் உள்ளே காற்றோ கலப்படக் கேஸோ இருக்கிறது.

எவ்வளவு கேஸ் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, மெஷினில் முழுவதையும் வெளியே எடுத்து எடை போடுவது. பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிராம், எந்த ஆயில் என்று அச்சிட்டிருப்பார்கள். சில வண்டிகளில் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு கேஸ் இருக்கும். இரண்டையும் கலக்கவே கூடாது. எடை போட்டுப் பார்த்து, ஸ்டிக்கரில் உள்ள கிராமை அப்படியே ஏற்ற வேண்டும். ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் வண்டியில் தெரியும்.

காற்று நன்றாக வருகிறது, ஆனால் குளிர்ச்சியே இல்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

முதலில் கம்ப்ரசர் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் "டக்" என்று கிளட்ச் ஒட்டும் சத்தம் கேட்கும், இன்ஜின் ஒரு நொடி திணறும். மின்சாரக் காரில் அந்த இரண்டும் கிடையாது. பானெட்டைத் திறந்து, ஏசியை முழுக் குளிரில் போட்டுவிட்டு நின்றால் "ம்ம்ம்" என்று மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். ஏசி லைனில் இரண்டு அலுமினியக் குழாய்கள் இருக்கும். ஐந்து நிமிடம் ஓடிய பிறகு ஒல்லியான குழாயில் விரல் நுனியை லேசாக வைத்து எடுங்கள், சுட வேண்டும். பருமனான குழாய் ஜில்லென்று, சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில் மேலே முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்து இருக்க வேண்டும். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் கம்ப்ரசர் ஓடவில்லை, அல்லது ஓடியும் அழுத்தவில்லை. ஆரஞ்சு கேபிள் பக்கம் மட்டும் கை போகக் கூடாது.

கம்ப்ரசர் ஓடவில்லை என்றவுடன் கம்ப்ரசர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது கண்ட்ரோலர் சொன்னால்தான் ஓடும், அந்தக் கண்ட்ரோலர் பல காரணத்துக்காக "ஓடாதே" என்று நிறுத்தி வைக்கும். கேஸ் குறைந்து பிரஷர் சென்சார் தாழ்வாகக் காட்டலாம். கண்டன்சர் ஃபேன் நின்று பிரஷர் எகிறியிருக்கலாம். கூலிங் காயில் சென்சார் தவறாகச் "சில்லென்று இருக்கிறது" எனச் சொல்லலாம். மெயின் பேட்டரியில் சார்ஜ் மிகக் குறைவாக இருக்கலாம். ஆரஞ்சு கேபிள் கனெக்டர் ஏதாவது முழுதாக உட்காராமல் இன்டர்லாக் சர்க்யூட் (கனெக்டர் கழன்றால் மின்சாரத்தைத் தடுக்கும் பாதுகாப்பு ஒயரிங்) திறந்திருக்கலாம். தகவல் போகும் கேன் ஒயரை எலி கடித்திருக்கலாம். எலியைச் சும்மா சேர்க்கவில்லை, வயல் ஓரமும் காலி மனை ஓரமும் நிறுத்தும் வண்டிகளில் நான் வருடத்துக்குப் பல முறை பார்ப்பது இது.

12 வோல்ட் பேட்டரியையும் சோதியுங்கள். கம்ப்ரசருக்குச் சக்தி பெரிய பேட்டரியிலிருந்து வந்தாலும், அதை நடத்தும் மூளைக்கு 12 வோல்ட்தான் வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பதில் ஸ்கேனரில் கிடைக்கும். கம்ப்ரசரிடம் கேட்ட வேகம் எவ்வளவு, உண்மையில் சுற்றும் வேகம் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, காயில் வெப்பநிலை எவ்வளவு என்று நேரடியாகப் பார்க்கலாம். கேட்ட வேகமே பூஜ்யம் என்றால் கண்ட்ரோலர் ஏதோ காரணத்தால் தடுக்கிறது. 3000 கேட்டும் பூஜ்யத்தில் நின்றால் கம்ப்ரசர், அதன் ஃபியூஸ், கேபிள் பக்கம் போக வேண்டும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் சாதாரண ரீடர் பெரும்பாலும் ஏசி கண்ட்ரோலருக்குள் போகாது; அதில் "கோட் இல்லை" என்று வந்தால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை.

ப்ளோயரை 5-ல் வைத்தாலும் காற்று குறைவாகத்தான் வருகிறது.

கேபின் ஃபில்டர். பத்துக்கு ஏழு வண்டியில் அதுதான். க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் இருக்கும், நீங்களே மாற்றலாம். நம் ரோட்டுத் தூசிக்கு வருடம் ஒரு முறை போதாது, 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

முதலில் நன்றாக வந்த காற்று அரை மணி நேரத்தில் சுருங்கி, ஏசியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி வருகிறதா? அப்படியானால் கூலிங் காயிலில் ஐஸ் பிடிக்கிறது. காயில் சென்சாரையும் கேஸ் அளவையும் பார்க்க வேண்டும்.

சிக்னலில் நின்றால் குளிர்ச்சி போய்விடுகிறது, ஓடினால் வந்துவிடுகிறது. ஏன்?

நிற்கும்போது கண்டன்சருக்குக் காற்று கொடுப்பது முன்னால் இருக்கும் ஃபேன் மட்டும்தான். அது மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கண்டன்சர் அடைத்திருக்கிறது. பம்பர் இடுக்கு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்காலச் சேறு காய்ந்து, அதன் மேல் ஈசலும் பூச்சியும் ஒட்டி, ஃபின் என்ற மெல்லிய தகடுகள் தெரியாத அளவுக்கு மூடியிருக்கும். சாதாரணத் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் வைத்து அடித்தால் ஃபின் படுத்துவிடும், பிறகு அது திறக்காது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று ஃபின்னைத் தின்றிருக்கும். கை பட்டாலே உதிர்ந்தால் புது கண்டன்சர்தான் வழி.

கேஜ் மாட்டினால் இந்தக் கோளாறு பளிச்சென்று தெரியும். 35 டிகிரி பகலில் ஆர்-134ஏ வண்டி ஓடும்போது ஹை சைடு (கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் பக்கம்) ஏறக்குறைய 200 முதல் 230 பிஎஸ்ஐ, லோ சைடு (கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் பக்கம்) 30 முதல் 40 வரை இருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறிக்கொண்டே போனால் கண்டன்சர், ஃபேன், அல்லது அளவுக்கு மீறி அடித்த கேஸ். இரண்டும் தாழ்ந்தே இருந்தால் கேஸ் குறைவு, அல்லது லைனில் அடைப்பு.

ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தால் ஏசி மந்தமாகிறது. கோளாறா?

பெரும்பாலும் இல்லை. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான பேட்டரியில் டிசி சார்ஜரைச் சொருகினால் அது மேலும் சூடாகும். அப்போது வண்டி கேஸின் ஒரு பங்கைச் சில்லருக்குத் திருப்பி, பேட்டரிக்கு முதலிடம் கொடுக்கும். நமக்குக் கிடைப்பது மிச்சம். சார்ஜரை எடுத்துப் பத்து நிமிடத்தில் பழையபடி குளிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

குளிர்ச்சி திரும்பவே இல்லை என்றால் சில்லருக்குப் போகும் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும். உள்ளே ஜில்லென்று இருக்கும், ஆனால் சார்ஜிங் வேகம் பாதியில் விழுந்துவிடும். வால்வு மூடியே சிக்கி, பேட்டரிக்குக் குளிர்ச்சி போகாமல் இருந்தால் இப்படி ஆகும். சார்ஜர் மேல் பழி போடும் முன் இதை ஒரு முறை பாருங்கள்.

ஆயில் விஷயத்தில் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். போன வருடம் சித்திரையில் டோ செய்து கொண்டுவந்தார்கள். டேஷ்போர்டில் இன்சுலேஷன் எச்சரிக்கை, வண்டி ரெடி நிலைக்கே வரவில்லை. ஸ்கேனரில் பி0ஏஏ6, அதாவது உயர் மின்னழுத்தம் வண்டியின் பாடி பக்கம் கசிகிறது என்ற கோட். என்னென்ன வேலை நடந்தது என்று கேட்டபோது ஓனர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன் குளிர்ச்சி குறைந்திருக்கிறது. வழியில் ஒரு கடையில் சின்ன டப்பாவிலிருந்து கேஸும் கூடவே ஆயிலும் ஏற்றியிருக்கிறார்கள். பெட்ரோல் காருக்கு ஊற்றும் அதே ஆயில்.

பெட்ரோல் கார் கம்ப்ரசருக்குப் போடுவது பெரும்பாலும் பிஏஜி ஆயில். மின்சாரக் கம்ப்ரசர்களில் பெரும்பாலானவற்றுக்கு பிஓஇ ஆயில். பிஏஜி ஈரத்தை வேகமாக இழுக்கும், மின்சாரத்தையும் கொஞ்சம் கடத்தும். சில மில்லி உள்ளே போனாலும் மோட்டார் காயிலுக்கும் பாடிக்கும் இடையே இருக்க வேண்டிய தடை சரியத் தொடங்கும். அந்த வண்டியின் பெரிய பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, காத்திருந்து, கம்ப்ரசர் கனெக்டரை எடுத்து 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) வைத்தேன். மெகாஓம் கணக்கில் நிற்க வேண்டிய முள் கிலோஓமிலேயே படுத்துக் கிடந்தது. கம்ப்ரசரைக் கழற்றி ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் சாய்த்தோம். டீ டிகாக்ஷன் நிறத்தில் வந்தது, கருகிய வாசனையோடு. நல்ல ஆயில் தெளிவாக இருக்கும்.

கம்ப்ரசர், டிரையர் (லைனில் ஈரத்தை உறிஞ்சும் பாகம்), எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் புதிது போட்டு, லைன் முழுக்கக் கழுவ வேண்டியதாயிற்று. ஓனர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதையெல்லாம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆகவே வேலைக்கு விடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். என்ன ஆயில் வைத்திருக்கிறீர்கள்? கேஸ் மெஷினை இதற்கு முன் பெட்ரோல் வண்டிக்குப் பயன்படுத்தியிருந்தால் ஹோஸைச் சுத்தம் செய்தீர்களா? லீக் பார்க்கும் டை (சாயம்) எந்த ஆயிலில் கலந்தது? ஹோஸுக்குள் ஒட்டியிருக்கும் பழைய ஆயிலே அடுத்த வண்டிக்குள் போய்விடும். ஹைப்ரிட், மின்சார வண்டிக்கென்று தனி மெஷின்கள் வருவதும் இதனால்தான். டப்பாவில் விற்கும் லீக் அடைக்கும் மருந்து எதையும் உள்ளே விடக் கூடாது.

ஏசி போட்டால் மட்டும் இன்சுலேஷன் எச்சரிக்கை வருகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏசி அமைப்பில் உயர் மின்னழுத்தம் போகும் பொருள் இரண்டுதான்: கம்ப்ரசர், ஹீட்டர். எச்சரிக்கை குளிரில் போட்டால் வருகிறதா, சூட்டில் போட்டால் வருகிறதா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பயிற்சி பெற்றவர் மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, தனித்தனியாக மெகர் வைத்து அளக்க வேண்டும்.

எந்த எண் நல்லது? ஐநாவின் 100-ஆம் எண் வாகன விதிமுறை முழு வண்டிக்கும் குறைந்தபட்சம் சொல்கிறது: நேர் மின்சாரம் மட்டும் உள்ள சர்க்யூட்டில் வோல்ட்டுக்கு 100 ஓம், மாறு மின்சாரமும் சேர்ந்த சர்க்யூட்டில் 500 ஓம். 400 வோல்ட் வண்டிக்கு 500 வைத்துக் கணக்குப் போட்டால் 2 லட்சம் ஓம். அது வண்டி முழுவதற்குமான அடிமட்டக் கோடு. ஒரு கம்ப்ரசரைத் தனியாக அளக்கும்போது இதைவிட வெகு உயரத்தில், மெகாஓம்களில் இருக்க வேண்டும். சரியான எண்ணை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

தம்பிகளுக்கு ஒன்று: இரவு முழுக்க நின்ற வண்டியின் கம்ப்ரசருக்குள் திரவக் கேஸ் தேங்கியிருந்தால் மெகர் எண் தாழ்வாகக் காட்டலாம். அதை வைத்து உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். கேஸை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

நானே பிரித்துப் பார்க்கலாமா? எனக்கு ஒயரிங் தெரியும்.

ஃபில்டர், கண்டன்சர் கழுவுவது, 12 வோல்ட் ஃபியூஸ், ப்ளோயர், தண்ணீர் போகும் குழாய் இதெல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். ஆரஞ்சு நிறத்தைக் கண்டால் நில்லுங்கள்.

வீட்டு ஒயரிங் அனுபவம் இங்கே போதாது. இது 400 வோல்ட் நேர் மின்சாரம், பிடித்தால் விடாது. வண்டியை ஆஃப் செய்தாலும் கெப்பாசிட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கும். சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்து, 1000 வோல்ட் தாங்கும் கையுறை போட்டு, சரியான ரகமான மீட்டரால் பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மீட்டரை முதலில் தெரிந்த ஒரு பேட்டரியில் வைத்துச் சோதிக்க வேண்டும்; செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். கையுறையை ஒவ்வொரு முறையும் அதன் திறந்த முனையிலிருந்து சுருட்டி, காற்றை உள்ளே அடைத்து, ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறேன். என்னிடம் வேலை பழகும் பையனும் அதைச் செய்யாமல் பானெட்டைத் தொட முடியாது.

லீக்கை எப்படிப் பிடிப்பது?

முதலில் கண்ணால். கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வரும், அதில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். ஜாயின்ட், சர்வீஸ் வால்வு மூடி, கண்டன்சரின் கல்லடி படும் கீழ்ப்பகுதி என்று பாருங்கள். பிறகு காலியான லைனில் நைட்ரஜனை அடைத்து சோப்பு நுரை போட வேண்டும். நுரை எங்கே குமிழ் விடுகிறதோ அங்கே லீக். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் மறைந்திருப்பதால் அதற்கு எலக்ட்ரானிக் டிடெக்டரைத் தண்ணீர் போகும் குழாய் வாயில் வைத்துப் பார்ப்போம்.

பழுது முடிந்ததும் ஓ-ரிங் புதிது, பிறகு வேக்கம். அரை மணியாவது இழுத்து, பம்பை நிறுத்தி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வேக்கம் காற்றை எடுப்பதற்கு மட்டும் இல்லை, ஈரத்தை எடுப்பதற்கும்தான். பிஓஇ ஆயில் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். ஆயில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

கம்ப்ரசர் மாற்றச் சொல்கிறார்கள். நம்பலாமா?

மூன்று விஷயத்தைக் காட்டச் சொல்லுங்கள்: ஸ்கேனரில் கேட்ட வேகமும் ஓடிய வேகமும், மெகர் எண், கனெக்டர் வரை மின்சாரம் வருகிறதா என்ற அளவு. இவை இல்லாமல் "கம்ப்ரசர் போச்சு" என்றால் இன்னொரு இடத்தில் காட்டுங்கள். பெரிய செலவு இது.

உண்மையிலேயே உள்ளே தேய்ந்து உடைந்திருந்தால் பழைய கம்ப்ரசரைச் சாய்க்கும்போது ஆயிலில் வெள்ளிப் பொடி மினுங்கும். அந்தப் பொடி அதற்குள் கண்டன்சருக்கும் வால்வுக்கும் போயிருக்கும். கண்டன்சரின் சன்னமான பாதைகளைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் புதியதும் சில மாதத்தில் அதே கதிக்கு வரும். கண்டன்சர், டிரையர், வால்வு மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்கிறவர் உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறார்.

டிரைவர் பக்கம் ஜில், பக்கத்து சீட்டில் சூடு. டேஷ்போர்டில் "கடக் கடக்" சத்தமும் வருகிறது.

சூடு, குளிர் கலக்கும் கதவைத் திருப்பும் சின்ன மோட்டாரின் பல் உடைந்திருக்கிறது. கேஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சத்தம் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் குளிர்ச்சி குறைந்தால் கேஸ் குறைவாகவும் இருக்கலாம். காயிலின் ஒரு பகுதி மட்டும் குளிரும்.

கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது.

வண்டிக்கு அடியில் சொட்டினால் நல்லது, உள்ளே சொட்டினால்தான் கோளாறு. கூலிங் காயிலிலிருந்து வெளியே போகும் ரப்பர் குழாய் தூசியிலும் பூஞ்சையிலும் அடைத்திருக்கும். அடியிலிருந்து மெதுவாகக் காற்று விட்டால் திறந்துகொள்ளும். ஆனால் ஈரமான கார்பெட்டை அப்படியே விடாதீர்கள், அதன் அடியில் ஒயரிங் கனெக்டர்கள் இருக்கும். பச்சை பிடித்தால் வேறு பத்துக் கோளாறு வரும். புளித்த வாடை வந்தால் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே ஏசியை நிறுத்தி ப்ளோயரை மட்டும் ஓட விடுங்கள். காயில் காய்ந்துவிடும்.

ஏசி போட்டால் ரேஞ்ச் எவ்வளவு குறையும்?

வெயிலில் நின்ற வண்டியைக் குளிர வைக்கும் முதல் பத்து நிமிடம் 3 கிலோவாட் வரை இழுக்கலாம். குளிர்ந்த பிறகு 1 கிலோவாட் சுற்றி நிற்கும். அதாவது மணிக்கு ஒரு யூனிட். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் தரும் வண்டி என்று வையுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் 80 கிலோமீட்டர் போவீர்கள், அதில் 7 கிலோமீட்டர் பெரிதில்லை. நகர நெரிசலில் ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டர்தான் நகர்வீர்கள். அங்கே அதே ஒரு யூனிட் கடிக்கும். நிழலில் நிறுத்துவது, உள்காற்றையே சுழல விடுவது, ஆப் இருந்தால் சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே குளிர வைத்துவிட்டுக் கிளம்புவது, இவை மூன்றும் பலன் தரும்.

ஊட்டிக்குப் போனபோது கண்ணாடியில் பனி படிந்து போகவே இல்லை. ஹீட்டரும் சூடாகவில்லை.

கண்ணாடிப் பனியை எடுக்க ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஏசி காற்றின் ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கும். இன்ஜின் சூடு இல்லாததால் மின்சாரக் காரில் பெரும்பாலும் மின்சாரத்திலேயே சூடாகும் பிடிசி ஹீட்டர் இருக்கும். கீழே சமவெளியில் வருடம் முழுக்கத் தொடாமலே இருப்பதால், அது கெட்டது மலை ஏறிய பிறகுதான் தெரிகிறது. கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஐந்து நிமிடம் முழுச் சூட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் சூடு வர வேண்டும்.

ஏசி கெட்ட வண்டியைப் பழுது பார்க்கும்வரை ஓட்டலாமா?

வண்டியைப் பொறுத்தது. இலங்கையில் நிறைய ஓடும் பழைய நிசான் லீஃப் (முதல் இரண்டு தலைமுறை) போன்றவற்றின் பேட்டரிக்கு ஏசி குளிர்ச்சியே கிடையாது, அதனால் வியர்வை மட்டும்தான் நட்டம். சில்லர் உள்ள வண்டி என்றால் மெதுவாக ஓட்டுங்கள், ஃபாஸ்ட் சார்ஜைத் தவிர்த்து இரவில் வீட்டு சார்ஜரில் போடுங்கள். இன்சுலேஷன் எச்சரிக்கை எரிந்தால் ஓட்டவே வேண்டாம், டோ செய்யுங்கள்.

பழைய மின்சாரக் கார் வாங்கப் போகிறேன். ஏசியை எப்படிச் சோதிப்பது?

காலையில் குளுகுளுவென்று இருக்கும்போது பார்க்காதீர்கள், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். உள்காற்று, முழுக் குளிர், ப்ளோயர் நடுவில் வைத்து, காற்று வரும் வாயில் சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றைச் சொருகுங்கள். வெளியே 35 டிகிரி இருந்தால் பத்து நிமிடத்தில் 8 முதல் 12 டிகிரிக்கு வர வேண்டும். வண்டி நின்றபடியே இன்னும் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள், முள் ஏறக் கூடாது. பிறகு ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கும் இடத்துக்கே ஓட்டிப் போய்ச் சார்ஜ் போட்டு, வேகம் சீராக நிற்கிறதா என்று கவனியுங்கள். கடைசியாக சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். ஏசி வேலை நடந்திருந்தால் எந்த ஆயில், எத்தனை கிராம் கேஸ் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். "கேஸ் டாப்-அப்" என்று மட்டும் எழுதியிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மெகர் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.